எந்தப் பக்கம்?

ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்ட கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

கல்லூரி முடித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாலைந்து நண்பர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி பக்கம் போனது. போகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். அப்போது நான் அவருடைய ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை மூன்றாவது முறையாகப் பாதியில் விட்டிருந்தேன். பாதி என்பதே மிகைதான். கதாநாயகன் கோடரியோடு போய் வட்டிக்காரக் கிழவியைக் கொன்றுவிட்டு வந்து காய்ச்சலில் படுப்பான். நானும் அவனோடு படுத்துவிடுவேன். அவன் எப்படியோ எழுந்து அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவான். மூன்று தடவையும் எனக்கு அதே இடத்தில்தான் புத்தகம் மூடியது.

“உனக்கு அதுல எது ரொம்பப் பிடிச்சது?” என்று ஒருவன் கேட்டான். என்னைச் சோதிக்கக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டான். எங்களில் தஸ்தயேவ்ஸ்கியை உண்மையிலேயே கரைத்துக் குடித்தவன் அவன் ஒருவன்தான்.

“முடிவு” என்றேன். எந்த நாவலுக்கும் பொருந்துகிற பதில். முடிவே இல்லாத நாவல் உண்டா என்ன?

“முடிவா?” அவன் முகம் சுருங்கிவிட்டது. “எனக்கு அது சுத்தமாப் பிடிக்காதுடா. ஒட்ட வச்ச மாதிரி இருக்கும். அத்தனை நேரம் அந்த ஆளைப் புரட்டி எடுத்துட்டு, சைபீரியாவுல கொண்டுபோய் விட்டதும் மனசு மாறிட்டான்னா, நான் நம்பவா?”

நான் தலையாட்டினேன். “அதான்… அது ஒரு மாதிரிதான்” என்று ஏதோ முனகினேன். பொய் வெளியே வந்துவிட்டதா என்பதை விட வேறொன்று என்னை அன்று உறுத்தியது. அந்த எழுத்தாளரை உயிராக நேசிப்பவனுக்கு அவரிடம் பிடிக்காத இடம் ஒன்று இருக்கிறது. அதைப் பளிச்சென்று சொல்லவும் அவனால் முடிகிறது. படிக்காத எனக்கோ எல்லாமே பிடித்திருக்கிறது!

அந்த நாட்களில் இப்படி நான் தலையாட்டிய எழுத்தாளர்கள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள். பாட்டு ஒன்று பிடிக்கவில்லை என்றால் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. படம் பிடிக்கவில்லை என்றால் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். பெரிய எழுத்தாளர் என்று வந்துவிட்டால் மட்டும் குரல் இறங்கிவிடுகிறது. “நான் இன்னும் சரியாப் படிக்கல” என்கிறோம், “இப்ப மனநிலை சரியில்ல” என்கிறோம், “ஒரு நாள் உக்காரணும்” என்கிறோம். ஏதோ ஒரு பரீட்சையில் தோற்றுவிட்டது போலவும், அந்த ரகசியம் வெளியே தெரியக் கூடாது என்பது போலவும். புத்தகத்தில் நாம் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்று அடுத்தவருக்குத் தெரியாது என்பது இதற்கு நல்ல வசதி. அந்த வசதியில்தான் என் வண்டி பல வருடம் ஓடியது.

பாராட்டு மொழிக்கும் இதில் பங்கு உண்டு. பின்னட்டைகளை வாசித்திருப்பீர்கள். மனித மனத்தின் இருண்ட ஆழங்கள், ஆன்மாவின் அலறல், மானுட தரிசனம். தரிசனம் என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு இப்போதும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும், வகுப்பில் வாத்தியார் நுழைந்தது போல. அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நாவல் படிக்க முடியுமா? ஒவ்வொரு பக்கத்திலும் ஆழம் எங்கே, தரிசனம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். கண்ணில் பட்டதெல்லாம் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் என்பதுதான். ரஸ்கோல்நிகவ், ரோதியன் ரொமானவிச், ரோத்யா மூன்றும் ஒருவன். அவனுடைய தங்கை ஓர் இடத்தில் துன்யா, இன்னோர் இடத்தில் அவ்தோத்யா ரொமானவ்னா. முதல் தடவை அவர்களை இரண்டு பெண்கள் என்றே நினைத்துக்கொண்டு வெகுதூரம் போயிருக்கிறேன். துன்யாவை எனக்குப் பிடித்திருந்தது, மற்றவளைப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் அந்த நண்பனிடமே சொல்லிவிட்டேன். அந்த நாவலை முடிக்கவே இல்லை, மூன்று தடவை எடுத்து மூன்று தடவை வைத்துவிட்டேன் என்று. சொன்னதும், அவர் ஏன் பெரிய எழுத்தாளர் என்று பாடம் எடுப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் எழுந்து போய் அலமாரியிலிருந்து ‘அசடன்’ நாவலை எடுத்து வந்தான். “முதல்லேருந்து வேணாம், இதைக் கேளு” என்று ஏதோ ஒரு பக்கத்தைப் பிரித்து, நின்றபடியே படிக்க ஆரம்பித்தான்.

ஒரு வீடு. வரவே கூடாத நேரத்தில், வரவே கூடாத ஒரு பெண் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். குடும்பமே நெளிந்துகொண்டிருக்கிறது. அப்போது அந்த வீட்டுக் கிழவர் இவோல்கின் உள்ளே வருகிறார். பதவி போன ஜெனரல். விருந்துக்குப் போகிறவர் போலக் கோட்டு, மீசைக்குச் சாயம். மகன் அவமானத்தில் சாகிறான். கிழவர் அதைக் கண்டுகொள்ளாமல் தனக்கு ரயிலில் நடந்ததாக ஒரு கதை சொல்கிறார். முதல் வகுப்பில் இவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டு வருகிறார். எதிரே இரண்டு பெண்கள், மடியில் ஒரு சிறிய நாய். வார்த்தை எதுவும் இல்லை. திடீரென்று ஒருத்தி இவர் வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்துவிடுகிறாள். இவரும் ஒன்றும் பேசாமல், மிக மரியாதையாக, இரண்டு விரலால் நாயின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, சுருட்டு போன வழியிலேயே அனுப்பிவிடுகிறார்.

எல்லோரும் சிரிக்கிறார்கள். வந்த பெண்ணும் சிரிக்கிறாள். சிரித்து முடித்துவிட்டு மெதுவாக, இதே கதையை ஐந்தாறு நாள் முன்பு ஒரு பத்திரிகையில் படித்தேனே என்கிறாள். ஒரு பிரெஞ்சுக்காரனுக்கும் ஓர் ஆங்கிலேயப் பெண்ணுக்கும் நடந்தது, அதே சுருட்டு, அதே நாய். அந்தப் பெண் உடுத்தியிருந்த உடையின் வெளிர் நீலம்கூட அதேதான். கிழவர் சிவந்துபோய், தனக்கு நடந்தது இரண்டு வருடம் முன்னால் என்கிறார்.

நண்பன் அந்த ‘இரண்டு வருடம்’ வந்ததும் மேலே படிக்க முடியாமல் சிரித்தான். நானும் சிரித்தேன். எனக்குள் ஒரு கோபமும் வந்தது. இத்தனை பேர் இத்தனை வருடமாக இந்த ஆளைப் பற்றி என்னிடம் பேசியிருக்கிறார்கள். இவர் சிரிக்க வைப்பார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே?

அன்று முதல் என் கேள்வி மாறிவிட்டது. ஒருவர் ஏன் பெரிய எழுத்தாளர் என்று யாரிடமும் கேட்பதில்லை. அதற்கு வரும் பதில் எல்லாம் பின்னட்டை. எந்தப் பக்கம் உனக்குப் பிடிக்கும் என்று கேட்கிறேன். தலையாட்டுகிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள், நான் ‘முடிவு’ என்றது போல. உண்மையாகப் படித்தவர்களுக்கு ஒரு பக்கம் இருக்கும். பெரும்பாலும் அது யாரும் பேசாத பக்கமாக இருக்கும்.

நாலாவது தடவை ‘குற்றமும் தண்டனையும்’ முடித்தேன். இந்த முறை ஆழத்தைத் தேடவில்லை, யார் எப்போது உள்ளே நுழைந்து மானத்தை வாங்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஏமாற்றவில்லை. கணவன் செத்து, கையில் இருந்த கொஞ்ச நஞ்சக் காசையும் போட்டுக் காத்தரீனா ஈவானவ்னா நினைவு விருந்து வைக்கிறாள். அந்த விருந்திலேயே வீட்டுக்காரியோடு யாருடைய அப்பா பெரிய ஆள் என்று சண்டை. பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அந்தப் பெண்ணுக்கு இருமலில் ரத்தம் வந்துகொண்டிருக்கிறது. சிரித்துக்கொண்டே போய்ச் சட்டென்று வாயை மூட வேண்டிவரும். ஆழம் என்று எல்லோரும் சொன்னது இதைத்தானோ என்னவோ. எனக்கு வழி சிரிப்பின் பக்கமாக இருந்தது.

இன்னொன்றும் கவனித்தேன். முந்தைய மூன்று தடவையும் நான் மெதுவாக, பென்சிலும் கையுமாகப் படித்திருந்தேன். இவரை அப்படிப் படிக்கக் கூடாது. 1866இல், இதே நாவல் பத்திரிகையில் தொடராக வந்துகொண்டிருந்தபோது, ஒரு பதிப்பாளருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற ‘சூதாடி’ என்ற குறுநாவலை 26 நாளில் முடித்துக் கொடுத்தவர் அவர். இவர் சொல்லச் சொல்ல, சுருக்கெழுத்துத் தெரிந்த ஓர் இளம்பெண் எழுதினாள். அடுத்த வருடம் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். அப்படி மூச்சிரைக்க வந்த எழுத்தை அடிக்கோடிட்டு அடிக்கோடிட்டு வாசித்தால் அது நொண்டத்தானே செய்யும்?

மொழிபெயர்ப்பையும் சொல்ல வேண்டும். நான் முதலில் படித்த பிரதியில் கொலைகாரனும் போலீஸ்காரனும் குடிகாரனும் ஒரே மாதிரி, கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போலப் பேசினார்கள். யார் செய்த மொழிபெயர்ப்பு என்பது இப்போது முக்கியமில்லை. இங்கிலாந்தில் கான்ஸ்டன்ஸ் கார்னெட் என்ற பெண்மணி ஒற்றை ஆளாக ரஷ்ய இலக்கியத்தை எழுபது தொகுதிபோல ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு டால்ஸ்டாய்க்கும் தஸ்தயேவ்ஸ்கிக்கும் வித்தியாசம் தெரியாததற்குக் காரணம் அவர்கள் இருவரையுமே படிக்கவில்லை, கார்னெட்டைத்தான் படித்தார்கள் என்று கவிஞர் பிராட்ஸ்கி கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். கொஞ்சம் அநியாயம்தான். அவர் இல்லாவிட்டால் பாதி உலகம் இருவரையும் படித்தே இருக்காது. ஆனாலும் ஒரு எழுத்தாளர் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டும் முன், பிடிக்காமல் போனது யாருடைய வாக்கியம் என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது.

சரி, இதெல்லாம் தெரிந்த பிறகு நான் தஸ்தயேவ்ஸ்கி பக்தன் ஆகிவிட்டேனா? இல்லை. பக்கம் பக்கமாகப் பாவமும் கண்ணீரும் வரும்போது இப்போதும் கண் தானாக அடுத்த பத்திக்குத் தாவுகிறது. ரஷ்யாவில் பிறந்த நாவலாசிரியர் நபகோவ் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எடுத்த ரஷ்ய இலக்கிய வகுப்புகள் அவர் இறந்த பிறகு 1981இல் புத்தகமாக வந்தன. அதில் தஸ்தயேவ்ஸ்கியைச் சாதாரண எழுத்தாளர் என்று அடித்துச் சொல்கிறார். கொலைகாரனும் விலைமகளும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சேர்ந்து விவிலியம் படிக்கும் காட்சியைப் பிய்த்து எறிகிறார். எனக்குச் சந்தோஷம் தந்தது வேறு இடம். அவ்வளவு திட்டுகிறவர், நடுநடுவே அருமையான நகைச்சுவை மின்னும் என்பதையும் போகிற போக்கில் ஒப்புக்கொள்கிறார். அவர் சொல்லும் குற்றங்கள் எனக்கும் தெரிகின்றன. அவர் போகிற போக்கில் சொன்னதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

பிடிக்காததைச் சொல்வதிலும் ஒரு திறமை இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் ஆங்கில நாவலாசிரியர் சார்லட் பிரான்டி. அவருடைய ‘ஜேன் அயர்’ நாவல் வெளிவந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஜேன் ஆஸ்டினைப் படியுங்கள் என்று ஒரு விமர்சகர் அவருக்குச் சொல்ல, படித்துவிட்டு 1848 ஜனவரியில் பதில் எழுதினார். வேலி போட்டு, பாத்தி கட்டி, மென்மையான பூக்களை நட்டு நன்றாகப் பராமரித்த தோட்டம் அது, அதில் திறந்த வெளி இல்லை, புதுக் காற்று இல்லை, தூரத்து நீல மலை இல்லை என்பது அவருடைய குறை. சலிப்பாக இருக்கிறது என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கலாம். முடிக்காமல் அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்துச் சொல்கிறார். ஆஸ்டினை உயிராக நினைப்பவர்களிடம் இதைக் காட்டினால் அவர்களும், ஆமாம், வேலி போட்ட தோட்டம்தான், அதற்காகத்தானே அங்கே போகிறோம் என்பார்கள். இப்படி எழுதிய ஒரு வெறுப்பை வைத்து ஒரு வாசகர் தனக்கான எழுத்தாளரைக் கண்டுபிடித்துவிடலாம். ‘சூப்பர்’, ‘மொக்கை’ இரண்டையும் வைத்து அது முடியாது.

ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபின் நாட்குறிப்பு இன்னும் சுவாரசியம். 1922 ஆகஸ்ட். ஜாய்ஸின் ‘யுலிசிஸ்’ வந்த வருடம். வுல்ஃபும் ஜாய்ஸும் ஒரே வருடம், 1882இல், பிறந்தவர்கள். இருநூறு பக்கம் தாண்டிவிட்டேன், முதலில் ரசித்தேன், அப்புறம் சலிப்பு, எரிச்சல், பருவைச் சொறிந்துகொண்டிருக்கும் ஒரு கல்லூரிப் பையனைப் பார்ப்பது போல இருக்கிறது என்று எழுதுகிறார். அதோடு அவருடைய நண்பர், கவிஞர் எலியட் இதை டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலுக்கு இணையாக வைக்கிறாரே என்றும் புலம்புகிறார். நமக்குப் பழக்கமான புலம்பல்தான். நாம் மதிக்கும் ஒருவர் தூக்கி வைத்துக் கொண்டாடுவது நம் கையில் வந்தால் கனக்கிறது. அவரைச் சந்தேகிப்பதா, நம்மையே சந்தேகிப்பதா?

வுல்ஃப் செப்டம்பரில் புத்தகத்தை முடித்துவிட்டு, குறி தப்பிய வெடி என்கிற மாதிரி எழுதிவைத்தார். சூட்டோடு சூடாகக் கணவர் லியோனார்ட் அந்த நாவலைப் பற்றிய நல்ல மதிப்புரை ஒன்றைக் கொடுக்கிறார். அதைப் படித்துவிட்டு, நான் நினைத்ததை விட இதில் நிறைய இருக்கிறது போலிருக்கிறதே என்று அதே நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். முந்தின பக்கத்தை அவர் கிழிக்கவில்லை. இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்று வருடம் கழித்து, ஒரே நாளில் ஒரே நகரத்துக்குள் நடக்கும் ‘மிசஸ் டாலோவே’ வந்தது. ‘யுலிசிஸ்’ நாவலும் ஒரே நாள், ஒரே நகரம். பிடிக்காத புத்தகம் நம்மை ஒன்றும் செய்யாது என்று யார் சொன்னது?

புகழ் மட்டும்தான் கண்ணை மறைக்கும் என்றும் இல்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ப்ரூஸ்த்தின் பெரிய நாவலின் முதல் தொகுதி கையெழுத்துப் பிரதியாக வந்தபோது, இன்னொரு எழுத்தாளரான ஆந்த்ரே ழீத் இருந்த பதிப்பகம் அதைத் திருப்பி அனுப்பியது. விருந்துகளில் சுற்றும் பணக்காரப் பையன் என்று அவரைப் பற்றி ழீத்துக்கு ஒரு முன்முடிவு. 1913இல் ப்ரூஸ்த் கைக்காசைப் போட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஜனவரியில் ழீத் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். பிறகு படித்துப் பார்த்தாரே, அது பெரிய விஷயம்.

இப்போது, நான் தோற்ற கதை. தோற்றுக்கொண்டே இருக்கும் கதை என்றும் சொல்லலாம்.

மௌனி எழுதியது மொத்தமே இரண்டு டஜன் சிறுகதை அளவுதான். சோம்பேறிக்குக்கூட ஒரு வாரம் போதும். புதுமைப்பித்தனே அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்றார். யாரையும் லேசில் புகழாதவர் அவர். அதற்கு மேல் என்ன சிபாரிசு வேண்டும்? நான் நாலு முறை போய் நாலு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன்.

என் புதிய கேள்வியை இங்கும் கேட்டுப் பார்த்தேன். மௌனி என்றால் உருகிவிடும் ஒரு தோழி இருக்கிறாள். எந்தப் பக்கம் என்றதும் யோசிக்கவே இல்லை. ‘அழியாச்சுடர்’ கதையில் கோவில் தூணில் இருக்கும் யாளி உயிர் பெற்றது போலத் தோன்றும் இடத்தை போனிலேயே படித்துக் காட்டினாள். படிக்கும்போது அவள் குரல் தணிந்து, கொஞ்சம் நடுங்கியது. நடிப்பு இல்லை. அதே பக்கத்தை அன்று இரவு நானும் எடுத்தேன். மெதுவாக ஒருமுறை, வாய்விட்டு ஒருமுறை, வேகமாக ஒருமுறை.

ஒன்றும் நடக்கவில்லை. வாக்கியம் ஆரம்பிக்கிறது. எங்கோ போகிறது. ‘போல’ வருகிறது, ‘தோன்றியது’ வருகிறது. வினைச்சொல் வருவதற்குள் எழுவாயைக் கைவிட்டிருக்கிறேன். திரும்ப மேலே போகிறேன். என் மண்டைக்குள் ஓர் ஆள் உட்கார்ந்துகொண்டு, இவன் யார், என்ன வேலை பார்க்கிறான், மணி என்ன, மழை பெய்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். அதையெல்லாம் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்த எழுத்தாளரிடம் போய்க் கேட்கிறான், மடையன். அவர் என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரிகிறது. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார். கண் பழகியவர்களுக்கு அந்த இருட்டில் ஏதோ புலப்படுகிறது. எனக்கு இன்னும் சுவிட்ச் எங்கே என்ற நினைப்புதான்.

இந்த மாதிரிச் சமயத்தில் ஓர் எண்ணம் வரும். இதில் ஒன்றுமே இல்லை, இவர்கள் எல்லோரும் என்னை மாதிரியே தலையாட்டுகிறார்கள் என்று. ரொம்ப ஆறுதலான எண்ணம். நானே ஒரு பழைய தலையாட்டி என்பதால் சீக்கிரம் நம்பிவிடுவேன். ஆனால் போனில் கேட்ட அந்தக் குரலை என்ன செய்வது? அவள் எதையோ பார்க்கிறாள். எனக்குத் தெரியவில்லை. இதில் அவளும் பொய் சொல்லவில்லை, மௌனியும் ஏமாற்றவில்லை. “எனக்கு வேலை செய்யலை” என்று அவளிடம் சொன்னேன். “சரி விடு, உனக்கு எப்பவுமே மணி என்னன்னு தெரியணும்” என்றாள். என்னைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சரியான விமர்சனம்.

அசோகமித்திரன் விஷயம் இதற்கு நேர் எதிர். அங்கே மணி என்ன என்பது தெரியும், யார் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பதும் தெரியும். எனக்குப் பிடித்திருக்க வேண்டியவர். ஆனால் இருபது வயதில் அவரைப் படித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று வைத்துவிட்டேன். யாரோ யாரையோ அவமானப்படுத்துகிறார்கள், அவமானப்பட்டவர் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறார், கதை முடிந்துவிடுகிறது. எழுந்து ஓர் அறை விட வேண்டாமா என்று இருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர், வேடிக்கையாக, ஜார்ஜ் ஆர்வெல். டால்ஸ்டாய்க்கு ஷேக்ஸ்பியரைப் பிடிக்காது. சும்மா பிடிக்காது என்றில்லை. ரஷ்ய மொழியில், ஆங்கிலத்தில், ஜெர்மனில் என்று ஐம்பது வருடம் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்திருக்கிறார். எழுபத்தைந்து வயதில் எல்லா நாடகங்களையும் இன்னொரு தடவை படித்துவிட்டு, அதே அருவருப்பும் சலிப்பும்தான் மிஞ்சின என்று ஒரு நீண்ட கட்டுரையில் எழுதினார். 1906இல் அது வெளிவந்தது. அதில் அவர் எடுத்துக்கொண்டு குதறுவது ‘லியர் அரசன்’ நாடகத்தை. 1947இல் ஆர்வெல் இதற்கு ஒரு பதில் எழுதினார். ஏன் இத்தனை நாடகங்களில் லியர்மேல் மட்டும் இவ்வளவு ஆத்திரம் என்பது அவர் கேள்வி. நாட்டைத் துறந்துவிட்டு, துறந்ததன் பலன் கிடைக்காமல் வெட்டவெளியில் அலையும் கிழவன் லியர். டால்ஸ்டாயோ சொத்தையும் பட்டத்தையும் துறக்கப் பார்த்தவர். 1910இல் வீட்டை விட்டுக் கிளம்பி, வழியில் ஒரு சிறிய ரயில் நிலையத்தில் இறந்தார். கட்டுரை எழுதும்போது அந்த முடிவு அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நாடகம் அவருக்கு எட்டவில்லை என்பதைவிட ரொம்பக் கிட்டே வந்துவிட்டது என்று ஆர்வெல்லைப் படித்தால் தோன்றுகிறது.

ஆர்வெல் சொல்வது நூற்றுக்கு நூறு சரியா என்று நான் வாதாட மாட்டேன். செத்தவரின் மனசுக்குள் புகுந்து காரணம் சொல்வது சுலபம். ஆனால் அதைப் படித்தபோது எனக்கு டால்ஸ்டாய் ஞாபகம் போய், அசோகமித்திரன் ஞாபகம் வந்தது. என் முதல் வேலையில் மேலதிகாரி ஒருவர் எல்லோர் எதிரிலும் என் காகிதக் கட்டை மேஜையில் விசிறி அடித்தார். நான் அவற்றைப் பொறுக்கி, வரிசையாக அடுக்கி, கடைசிப் பக்கம் ஒன்று குறைகிறது என்று அவருடைய நாற்காலிக்கு அடியிலேயே குனிந்து தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுந்து ஓர் அறை விட்ட கதைகள் அப்போது எனக்குத் தேவைப்பட்டன. நாற்காலிக்கு அடியில் குனிந்தவனைப் பற்றிய கதை யாருக்கு வேண்டும்?

நாற்பதைத் தாண்டிய பிறகு ‘புலிக்கலைஞன்’ மறுபடி கையில் வந்தது. ஒரு சினிமா ஸ்டுடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு ஒருவன் வருகிறான். புலி வேஷம் போடுவேன் என்கிறான். அலுத்துப்போன அலுவலக ஆட்கள் நடுவே, அந்தச் சிறிய அறையில் புலியாகவே மாறிக் காட்டுகிறான். மாறி முடித்ததும் மறுபடி வேலை கேட்கும் மனிதனாகிவிடுகிறான். ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர் அசோகமித்திரன். அந்த அறையை அவருக்குத் தெரியும். கதை அதே தாழ்ந்த குரலில்தான் போகிறது, இருபது வயதில் எனக்குச் சப்பென்று இருந்த அதே குரல். நான்தான் இந்தத் தடவை நடுவில் ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இப்படி ஒரு கதவு திறந்தது என்பதற்காக எல்லாக் கதவும் ஒரு நாள் திறக்கும் என்று நான் நம்புவதில்லை. வயதானால் புரியும் என்று சொல்லித் தோளில் தட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. எனக்குத் தெரிந்து வயதாகி மூடிக்கொண்ட கதவுகளும் உண்டு. பதினெட்டு வயதில் நான் மனப்பாடமாகச் சொன்ன ஒரு கவிஞரை இப்போது இரண்டு வரிக்கு மேல் படிக்க முடியவில்லை. அவர் பெயர் வேண்டாம், நன்றி மறந்தவனாகிவிடுவேன்.

போன வாரம் அந்தப் பழைய நண்பனோடு பேசிக்கொண்டிருந்தேன். சுருட்டும் நாயும் படித்துக் காட்டிய அதே நண்பன்தான். நான் வழக்கம் போல எழுத்தாளர் தி. ஜானகிராமனைப் பற்றி ஆரம்பித்தேன். இருபது வருடமாக அவனிடம் ஜானகிராமனைப் பற்றிப் பேசுகிறேன், அவனும் ‘ம்’ கொட்டுவான். அன்று அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?” என்றான்.

“சொல்லு.”

“எனக்கு அவர் ஓடவே இல்லடா. ‘மோகமுள்’ளை மூணு தடவை எடுத்தேன். ரங்கண்ணா தம்பூராவை எடுத்தா எனக்குக் கொட்டாவி. எனக்கு ஸ்ருதியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நீ இவ்வளவு சொல்றியேன்னு தலையாட்டிட்டே இருந்தேன்.”

இருபது வருடம்! வாயில் வந்ததையெல்லாம் முழுங்கிக்கொண்டேன். அந்த மொழி, அந்தக் காவேரி, அந்தப் பெண்கள் என்று ஆரம்பித்திருந்தால் அது எல்லாமே பின்னட்டையாகத்தான் இருந்திருக்கும். “இரு, நாளைக்குச் சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

ராத்திரி அலமாரியைத் திறந்து உட்கார்ந்தேன். பக்கம் சிக்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. ‘சிலிர்ப்பு’ கதையில் பையன் ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கி அந்தச் சிறு பெண்ணிடம் கொடுக்கும் இடத்தை முதலில் எடுத்து வைத்தேன். அப்புறம் வேண்டாம் என்று தோன்றியது. எல்லோரும் காட்டுகிற பக்கம் அது. என் நண்பன் கண்ணீரைக் கண்டால் ஓடுகிறவன். ‘மோகமுள்’ளில் இரண்டு இடம் மடித்து வைத்தேன், இரண்டிலும் பாட்டு. எனக்குப் பிடித்ததையே தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. அவனுக்குப் பிடித்தது எது? நாலு பேர் நடுவில் ஒரு மனிதன் தன்னைத் தானே கேவலப்படுத்திக்கொண்டு, அதை மூடப் பொய்யும் சொல்வது. சாயம் பூசிய மீசை. இரண்டு வருடம் முன்னால்.

அட, ‘பாயசம்’!

அண்ணன் பிள்ளையின் செழிப்பைப் பார்த்துப் பொருமும் கிழவர். கல்யாண வீடு நிறைய ஜனம். பின்கட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அத்தனை பேருக்கும் காய்ச்சி வைத்த பாயசத்தைப் பாத்திரத்தோடு கவிழ்த்துவிடுகிறார். ஓடி வந்தவர்களிடம் உள்ளே பெருச்சாளி கிடந்தது என்று சத்தம் போடுகிறார். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை, எழுதத் துடித்தேன் என்பது வேறு விஷயம்.

இரண்டு நீலக் கோடு விழுந்தது. அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. தூங்கப் போகும் முன் எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரி வந்திருந்தது.

“இந்தக் கிழவன் பேரு என்ன?”